விட்டாப் பிடிக்கிற பிரேக்

நேத்து நம்ம குரூப்புல ஒருத்தன் தன் மகனோட ரிமோட் கார் வீடியோ போட்டிருந்தான் பாருங்க, ஆளாளுக்குக் கைதட்டுற பொம்மை போட்டீங்க. ஒருத்தி மட்டும், "நம்ம காலத்துல, நம்ம தோட்டத்துல இதெல்லாம் எங்க இருந்துச்சு"ன்னு எழுதியிருந்தா. இருந்துச்சுடி. நம்ம லயத்து வரிசை வீட்டுலயே நாலு நாள் இருந்துச்சு. நீ அப்ப அம்மை போட்டுப் படுத்துக் கெடந்த, அதான் உனக்குத் தெரியல. மத்தவங்க எல்லாம் அது பின்னாடி ஓடினவங்கதான், மறந்துட்டீங்க. நான் மறக்கல. மறக்கிற மாதிரி ஒரு காரியமா அது!

குரல்ல பேசி அனுப்பினா பாதியிலயே நிறுத்திருவேன், அதனால எழுதுறேன். கண்ணாடியத் தேடிப் போட்டாத்தான் போன்ல எழுத்து தெரியிற வயசுக்கு வந்துட்டோம். பிழை கெடந்தா, டீச்சர் வேலை பாக்குறவங்க சிவப்புக் கோடு போடாமப் படிங்க.

எங்க அக்காவ உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு எட்டு வயசு மூத்தவ. ஓ.எல். பரீட்சை எழுதி, பாஸாகாம, கொழும்புல ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனா. சமைக்கிறதுக்கு வேற ஆள் இருந்துச்சு, இவ கழுவுறதுக்கு. பாத்திரம், துணி, தரை, வாகனம், நாய், எல்லாம் கழுவணும். தீவாளிக்கு ஒரு தடவ, சித்திரை வருஷப்பொறப்புக்கு ஒரு தடவ வீட்டுக்கு வருவா. வரும்போது அவ சட்டையில கொழும்புச் சவர்க்கார வாசனை ஒண்ணு அடிக்கும். நான் அவ மேல சாஞ்சு படுத்து அந்த வாசனைய மோந்துக்கிட்டே தூங்குவேன். அந்த வாசனை போறதுக்குள்ள அவ திரும்பிப் போயிருவா.

அந்த வருஷம் சித்திரைக்கு அந்த வீட்டுக்காரங்க குடும்பத்தோட நுவரெலியாவுக்கு வந்து பங்களா எடுத்துத் தங்கினாங்க. ஏப்ரல் சீசன்னா தெரியும்தானே, பாதிக் கொழும்பு கோட்டப் போட்டுக்கிட்டு நம்ம மலைக்கு ஏறி வந்துரும். அக்காவையும் கூட்டிக்கிட்டு வந்தாங்க. வருஷப்பொறப்புக்கு நாலு நாள் லீவு குடுத்து அனுப்பினாங்க. அக்கா பஸ்ஸ விட்டு எறங்கினப்ப தோள்ல ஒரு பை, ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்ச ஒரு அட்டைப் பெட்டி. கைக்கொழந்தையத் தூக்கிட்டு வர்ற மாதிரி பாத்துப் பாத்துக் கால வச்சு வந்தா. நான் கேக்குன்னு நெனச்சு நாக்கச் சப்புக் கொட்டிக்கிட்டு நின்னேன்.

தொறந்தா கார்! நீலக் கலரு. என் கையால முழுசா ஒரு மொழம் நீளம். மேல் மூடிய எடுத்தா வெத்தல மாதிரி மெல்லிசா வளையுது. உள்ள செவப்பும் கறுப்புமா வயர், பஞ்சு மாதிரி அமுங்குற டயர், மண்ணெண்ணெய் அடுப்பு அணைஞ்ச மாதிரி ஒரு வாசனை. எல்லாத்துக்கும் நடுவுல தீப்பெட்டி அளவுல ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டியிருந்துச்சு. அதுல ஒரே ஒரு பொத்தான், கடுகு சைஸுல ஒரு லைட்.

"யாரோடதுடி இது?" அம்மா கேட்டா.

"பொடி மாத்தியாவோடது." அந்த வீட்டுக்காரர மாத்தியான்னுதான் கூப்பிடணும், ஐயா மாதிரி; அவரு மகன் பொடி மாத்தியா, சின்னையா. அவனுக்கும் அக்கா வயசுதான் இருக்கும், ஒண்ணு ரெண்டு கம்மியா.

"ஒடஞ்சு கிடஞ்சு போச்சுன்னா யாரு பதில் சொல்றது? இத எதுக்குடி தூக்கிட்டு வந்த?"

"கழுவி வைக்கச் சொன்னாங்கம்மா."

பொய்! அக்கா பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. லயத்துக்குப் பின்னால லீக்ஸ் பாத்திக்கிட்ட என்னை இழுத்துட்டுப் போயி உண்மையச் சொன்னா. ஞாயித்துக்கெழம நுவரெலியா டவுன்ல ரிமோட் கார் ரேஸ். கொழும்புலருந்து பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் கார் கொண்டு வருவாங்க. பொடி மாத்தியாவும் ஓட்டுறான். அந்தக் காருக்கு பிரேக் வச்சுக் குடுக்குறது எங்க அக்கா!

"நீயா? உனக்கு எப்படித் தெரியும்?"

"கழுவப் போயித்தான் தெரிஞ்சுச்சு."

மொதல்ல அவ வேலை, கார் ஓடி முடிஞ்சதும் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால மண்ணத் தட்டிக் குடுக்குறது மட்டும்தான். ஒரு நாள் பிரஷ் அந்தப் பொத்தான அமுக்கினபடியே சுவிட்சுலயும் பட்டிருக்கு. பீப் பீப்னு சத்தம் வந்து, லைட் நாலு தடவ சிமிட்டி அணைஞ்சிருக்கு. மறுநாள் பொடி மாத்தியா ஓட்டினா, கார் அவன் சொன்ன பேச்சுக் கேக்கல. வீடு ரெண்டாச்சு. வேற ஒரு பொண்ணா இருந்தா வாயத் தொறந்திருக்குமா? எங்க அக்கா போயி, "நான்தான் அமுக்கிட்டேன், நாலு தடவ சிமிட்டுச்சு"ன்னு சொல்லியிருக்கா. அவன் இங்கிலீஷ் பொத்தகத்தப் பெரட்டிப் பாத்துச் சிங்களத்துல சொல்லச் சொல்ல, இவ அமுக்கி அமுக்கிப் பழையபடி வச்சுட்டா. அன்னியிலருந்து அந்தப் பொத்தகத்த அவன் தொறக்கல. எதுன்னாலும் இவளக் கூப்பிடுவான்.

அதோட விடல. சுத்திப் பாத்துட்டு, என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னா. மாத்தியாவுக்குக் கொழும்புல ரேடியோ, டிவி எல்லாம் ரிப்பேர் பண்ற பெரிய கடை இருக்கு. வரிசையா மேசை போட்டு, ஒவ்வொரு மேசைக்கும் ஒரு லைட் வச்சு, ஆளுங்க உக்காந்து வேலை செய்வாங்க. கார் இந்த ரேஸ்ல நல்லா ஓடினா, பிரேக் வைக்கிறது யாருன்னு தன் அப்பாகிட்டச் சொல்லி, அதுல ஒரு மேசையில அவள உக்கார வைக்கச் சொல்றதா பொடி மாத்தியா வாக்குக் குடுத்திருந்தான்.

"அப்பா அம்மாட்ட மூச்சு விடாத. நடந்தப்புறம் சொல்லுவோம். நடக்காட்டி அவங்களுக்கு மனசு கஷ்டம்."

அவ கண்ணு அன்னிக்கு மின்னின மின்னல், அப்பப்பா! எனக்கு மேசை, லைட்டு எதுவும் வெளங்கல. ஆனா கைகால் கழுவாம, தண்ணியில ஊறாம, உக்காந்து செய்ற ஒரு வேலை உலகத்துல இருக்குன்னும், அது எங்க அக்காவுக்குக் கெடைக்கப் போகுதுன்னும் வெளங்குச்சு. சாமி கும்பிடும்போது அதையே கும்பிட்டேன்.

இப்ப பிரேக் கதைக்கு வர்றேன். துப்பாக்கி மாதிரி ஒரு ரிமோட். வெரல் வைக்கிற எடத்த இழுத்தா கார் ஓடும். முன்னால தள்ளினா பிரேக். அது ஒரு பிரேக். அக்கா அதுக்கு அமுக்கினாப் பிடிக்கிற பிரேக்குன்னு பேர் வச்சிருந்தா. இன்னொண்ணு இருக்கு. நீங்க இழுக்கவும் இல்ல, தள்ளவும் இல்ல, சும்மா வெரல விட்டுட்டீங்கன்னு வைங்க. அப்பவும் கார் தானாக் கொஞ்சம் பிடிச்சிக்கும். அது விட்டாப் பிடிக்கிற பிரேக். எவ்வளவு பிடிக்கணும்னு அந்தத் தீப்பெட்டிக்குச் சொல்லி வைக்கலாம், ஒண்ணுலருந்து ஆறு வரைக்கும்.

சொல்லி வைக்கிறத நீங்க பாக்கணும்! பொத்தான அமுக்கிப் பிடிச்சிக்கிட்டே சுவிட்சப் போடுவா. காருக்குள்ளருந்து பீப்னு ஒரு சத்தம். அது மொத பிரேக்குக்கு. கைய எடுக்க மாட்டா. கொஞ்சம் பொறுத்து பீப் பீப்னு ரெண்டு சத்தம். டக்குன்னு எடுத்துருவா. அதுக்கப்புறம் ஒவ்வொரு அமுக்குக்கும் லைட் ஒரு சிமிட்டு கூடிக்கிட்டே போகும். ஆறு தாண்டினா மறுபடி ஒண்ணு. முடிச்சதும் கையக் கட்டிக்கிட்டுச் சும்மா இருப்பா. பத்து எண்றதுக்குள்ள நீளமா ஒரு பீப் வரும். சிங்களத்துல "ஹரி"ன்னு, சரிங்கிற மாதிரி சொல்லி, "புரிஞ்சிச்சாம்"னு சிரிப்பா. எனக்கு மயிர் கூச்செறியும். வாய் இல்லாத ஒண்ணு, கண்ணு இல்லாத ஒண்ணு, எங்க அக்கா சொன்னதக் கேட்டு, புரிஞ்சிச்சுன்னு பதில் சொல்லுதேன்னு!

பொடி மாத்தியா அவளுக்குச் சொல்லி அனுப்பினது, "மலையில ஓடுற மாதிரி வச்சுக் கொண்டா." கொழும்புல அவங்க ஓட்டுறது கடல் பக்கத்து மைதானம். அங்க அக்கா ரெண்டு வைப்பா. இங்க என்ன வைக்கிறதுன்னு ஓட்டிப் பாத்துத்தான் முடிவு பண்ணணும். எங்க ஓட்டுறது? யோசிச்சுப் பாருங்க, நம்ம தோட்டத்துல மட்டமான எடம் எங்க இருக்கு? பெரட்டுக் களத்துல காலையில பேர் கூப்பிடும்போது நிக்கிறவங்க ஒரு காலக் கொஞ்சம் மடக்கித்தானே நிப்பாங்க. கோயில் முன்னாடி தேங்கா ஒடச்சா தண்ணி கீழ குளிக்கிற பீலிக்கே ஓடிரும். நம்ம வீட்டுக்குள்ள கோலிக்குண்டு ஆடினா அது அடுப்படியில போயி நிக்கும். மட்டம்னா என்னன்னே தெரியாம வளந்தவங்க நம்ம.

அதனால ஃபெக்டரிக்கு எறங்குற தார் ரோட்டுலதான் ஓட்டினோம். ஓட்டினது யாரு? நான்! அக்காவுக்கு டயர் எப்படிச் சுத்துதுன்னு கிட்ட இருந்து பாக்கணும், அதனால ரிமோட்ட என் கையில குடுத்துட்டு அவ காரோட ஓடினா. நீங்க எல்லாரும் ரெண்டு பக்கமும் ஓடினீங்க, ஒருத்தன் கால்வாய்க்குள்ள விழுந்து பல்ல ஒடச்சுக்கிட்டான், இப்ப வெளிநாட்டுல இருக்கான், இத வாசிச்சுச் சிரிப்பான். ரெண்டுல வச்சா, நான் வெரல விட்ட பெறகும் எறக்கத்துல கார் சர்ருன்னு உருண்டு போயி தேயிலைக்குள்ள பூந்துருச்சு. மூணு வச்சா. அப்பவும் உருண்டுச்சு. நாலு வச்சதும் தயங்கித் தயங்கி எறங்குச்சு.

கொழுந்து பறிச்சுட்டு வந்த பொம்பளைங்க கூடைய எறக்காம நின்னு பாத்தாங்க. மலையில வேலை வாங்குற கண்டாக்கையா சைக்கிள நிப்பாட்டிட்டு, "எவன் வீட்டுதுடா இது"ன்னு அதட்ட வந்தவரு, அதட்ட மறந்துட்டாரு. அக்கா தரையில கன்னத்த ஒட்டி வச்சு டயரப் பாக்குறா, எந்திரிச்சு அமுக்குறா, பீப்புங்குது, எண்றா, மறுபடி ஓட்டச் சொல்றா. கொழும்புல பாத்திரம் கழுவுறவன்னு ஊரே சொன்ன பொண்ணு. எங்க ஸ்கூல் பிரின்ஸிபலுக்குக்கூட அப்படி ஒரு மொகத்த நான் பாத்ததில்ல.

அப்பதான் அப்பா வந்தாரு. எங்கப்பா கொழுந்து லொறியில கட்டை போடுறவருன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். லொறி எங்க நின்னாலும் மொத ஆளா குதிச்சு, டயருக்குக் கீழ மரக்கட்டையச் சொருகுறது அவரு வேலை. வாழ்க்கை பூரா அதுதான். லொறி ஒரு அங்குலம் உருண்டாலும் அவருக்கு நெஞ்சு பதறும். அவரு ரோட்டோரம் குந்தி உக்காந்து, கார் தயங்கித் தயங்கி எறங்குறத ரெண்டு மூணு தடவ பாத்தாரு.

"புள்ள, அது இன்னமும் உருளுதே."

"நாலு வச்சிருக்கேன்ப்பா. இது போதும்னு நெனைக்கிறேன்."

"விட்டா நிக்கணும் புள்ள. உருண்டா அது பிரேக்கா? மலையில அது கூடாது."

அக்கா ஒரு நிமிஷம் யோசிச்சா. எனக்கு நல்லா ஞாபகம், அவ கை பொத்தானுக்கு மேல நின்னுச்சு. அப்பா அவகிட்ட அப்படி ஒரு பேச்சுப் பேசினதே கெடையாது. சாப்பிட்டியா, படுத்தியா, அவ்வளவுதான் அவரு பேச்சு. இன்னிக்கு ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரன்கிட்ட கேக்குற மாதிரி கேக்குறாரு. அக்கா அஞ்சு வச்சா, அப்புறம் ஆறும் வச்சா. நான் வெரல விட்டேன். சரிஞ்ச ரோட்டுல, அவ்வளவு வேகத்துல போன கார், யாரோ பின்னால பிடிச்சு இழுத்த மாதிரி அங்கனயே அடங்கி நின்னுருச்சு. எல்லாரும் ஓன்னு கத்தினோம். அப்பா எந்திரிச்சுப் போயி டயரத் தொட்டுப் பாத்தாரு. "யம்மாடி"ன்னாரு. அக்காவப் பாத்து சிரிச்சாரு. அதுக்கப்புறம் அக்கா அந்த ஆற மாத்தவே இல்ல.

ஞாயித்துக்கெழம காலையில அக்காவத் திரும்ப விடுறதுக்கு அப்பா கெளம்பினாரு, நானும் அழுது அடம் பிடிச்சு ஒட்டிக்கிட்டேன். அம்மா வீட்டுலயே நின்னுட்டா. டவுன்ல குளத்துப் பக்கம் வாகனம் நிப்பாட்டுற ஒரு பெரிய தார் மைதானம். கயிறு கட்டி, பழைய டயரா அடுக்கி வளைவு வளைவா பாதை போட்டிருந்தாங்க. மைக்குல சிங்களம், இங்கிலீஷ், நடுநடுவுல தமிழ். நனஞ்ச தார் வாசனை, பொரிச்ச கடலை வாசனை. எத்தனை காரு! தேன்பூச்சிக் கூட்டத்தக் கலச்சு விட்ட மாதிரி சத்தம். அக்கா பையையும் பெட்டியையும் கொண்டு போயிக் குடுத்தா. பைய அவங்க வேனுக்குள்ள போட்டாங்க. அப்பா கயித்துக்கு வெளியில, தூரத்துல நின்னுக்கிட்டாரு. நான் குனிஞ்சு கயித்துக்கு உள்ள பூந்து அக்கா பக்கத்துல போயிட்டேன்.

மொத ஓட்டம். கொடி விழுந்துச்சு. மொத வளைவுக்குக் கிட்ட வந்து பொடி மாத்தியா வெரல விட்டான், கார் பம்பரமாச் சுத்தி டயர்ல முட்டுச்சு. எடுத்து விட்டாங்க. அடுத்த வளைவுல மறுபடி சுத்துச்சு. மூணாவது வளைவுலயும் அதேதான். ஜனங்க சிரிக்குது. கடைசியா வந்து சேந்துச்சு. எனக்கு அழுகை. அக்காவப் பாத்தேன். அவ காரப் பாக்கல, தரையப் பாத்துக்கிட்டு இருந்தா. கால மாத்தி மாத்தி வச்சு நின்னு பாத்தா. "ஐயோ, இங்க தரை மட்டமா இருக்குடி"ன்னா. எறக்கத்துல உருளாம நிக்கிறதுக்கு வச்ச பிரேக்கு, மட்டத்துல பின் டயர ஒரேயடியாப் பிடிச்சு இழுத்து, காரச் சுத்த விட்டிருக்கு. மலையில ஓடுற மாதிரின்னு அவன் சொன்னா, நாங்க மலைய மட்டுந்தானே நெனச்சோம்!

மாத்தியா வந்தாரு. நல்ல ஒசரம், கறுப்புக் கோட்டு. "இதுல யாரு கை வச்சது?" சிங்களத்துல கேட்டாரு. என் சிங்களம் கடைத்தெருவுல பொறுக்கினதுதான், ஆனா அது புரிஞ்சிச்சு. பொடி மாத்தியா மொகம் செவந்து போச்சு. அவன் நெனச்சிருந்தா என்ன பொய்யும் சொல்லியிருக்கலாம். சொல்லல. "எப்பவும் இவதான் வைக்கிறா. ஜெயிச்ச ரேஸுக்கும் இவதான் வச்சா. நான் இல்ல"ன்னுட்டான்.

பக்கத்துல இருந்த ஏழெட்டுப் பேர் திரும்பிப் பாத்தாங்க. மாத்தியா அக்காவப் பாத்தாரு. அந்த மொகத்துல கோவம் இல்ல. சத்தியமா இல்ல, நான் கீழருந்து நேராப் பாத்தேன். நம்ப முடியாத ஒண்ணப் பாக்குற மொகம் அது.

"அப்படியா? உன்னால இத இப்ப சரி பண்ண முடியுமா?"

"முடியும் மாத்தியா."

"பண்ணு. பாக்கணும் நான்."

மேசை எல்லாம் அடுத்தவங்க சாமானால நெறஞ்சு கெடந்துச்சு. அக்கா கார ஈரத் தாருல வச்சு, பாவாடைய ஒதுக்கிட்டு, ரெண்டு முட்டியும் போட்டு உக்காந்தா. ஆளுங்க சுத்தி வந்து நின்னாங்க, இடுப்புல கைய வச்சுக்கிட்டு, குனிஞ்சு. கொழும்புல கார் வச்சிருக்கிற அவ்வளவு பெரிய ஆளுங்க, எங்க அக்கா ஒத்த வெரலுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. பீப். அக்கா கைய எடுக்கல. பீப் பீப். எடுத்தா. ஆறுலருந்து ஒண்ணு, ஒண்ணுலருந்து ரெண்டு. இன்னும் ரெண்டே அமுக்குத்தான்.

"எந்திரி புள்ள."

அப்பா. கயித்தத் தாண்டி எப்ப வந்தாருன்னே தெரியல. கூட்டத்த வெலக்கிக்கிட்டு உள்ள வந்து அக்கா கையப் பிடிச்சுத் தூக்கிட்டாரு.

"மாத்தியா, எம் மக வேலை செய்யத்தான் வந்தா. முட்டி போடுறதுக்கு இல்ல."

எங்கப்பாவத் தெரியும்தானே உங்களுக்கு? தொரை ஜீப்பு வளைவுல தெரியும்போதே தலப்பாவ அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிற மனுஷன். கணக்கப்பிள்ளைகிட்டப் பேசும்போது தன் கால் பெருவெரலப் பாத்துப் பேசுறவரு. அவரு, தலப்பாவ அவுக்காம, அந்த ஒசரமான மனுஷன் கண்ணப் பாத்துச் சிங்களமும் தமிழுமா சொன்னாரு. தூரத்துலருந்து அவருக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. கார் தோத்துருச்சு, ஆம்பளைங்க சுத்தி நிக்கிறாங்க, தன் மக தரையில முட்டி போட்டிருக்கா. நம்ம சனத்துக்கு அதுக்கு வேற என்ன அர்த்தம் தெரியும், சொல்லுங்க?

மாத்தியா தெகச்சுப் போயி, "இல்ல, நீங்க நெனைக்கிற மாதிரி..."ன்னு ஆரம்பிச்சாரு. அப்பா கையக் காட்டி, "போதுங்க மாத்தியா"ன்னாரு. மாத்தியா வாய மூடிக்கிட்டாரு! எங்கப்பா பேசி ஒரு மாத்தியா வாய மூடினத நான் பாத்தேன். அந்தப் பெருமையில நான் சொல்ல வேண்டியதச் சொல்லல. சுத்தி நின்னதுல தமிழும் சிங்களமும் தெரிஞ்சு, நடந்தது அத்தனையும் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்திதான். "அப்பா, அவங்க திட்டல, அக்கா வேலைக்குத்தான் உக்காந்திருக்கா." அவ்வளவுதான் சொல்லியிருக்கணும். வாயத் தொறந்தேன். அக்கா என்னப் பாத்து, இல்லன்னு லேசாத் தலையாட்டினா. நானும் மூடிக்கிட்டேன். ஆனா தலையாட்டினதனால மட்டும் மூடல. அப்பா அந்த எடத்துல அப்படி நின்னது எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல. பாவி நான்.

அக்கா போகும்போது திரும்பி, பாவாடை ஓரமாக் கைய வச்சு பொடி மாத்தியாவுக்கு ரெண்டு வெரலக் காட்டினா. அவன் சட்டுன்னு கார்கிட்டத் தரையில குந்தினான்.

மதிலுக்கு இந்தப் பக்கம் ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்னோம். உள்ள நடக்குறது ஒண்ணும் தெரியாது, சத்தம் மட்டும் கேக்கும். மறுபடி தேன்பூச்சி கெளம்புச்சு. அப்பா ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னாரு. அக்கா கண்ண மூடிக்கிட்டா. அத்தனை கார் சத்தத்துல அவ ஒரு காரோட சத்தத்த மட்டும் தேடிப் பிடிச்சா, நான் அவ மொகத்துல பாத்தேன். சத்தம் எறங்கி, ஏறி, எறங்கி, ஏறி. வளைவுக்கு வளைவு வெரல விடுறான், கார் தாழுது, சுத்தாம வளையுது, மறுபடி இழுக்குறான். "ரெண்டு வச்சுட்டான்"னு சொல்லிச் சிரிச்சா. உள்ள ஜனங்க ஓன்னு கத்துச்சு. அந்த நேரம் பஸ் வந்துருச்சு, ஏறிட்டோம்.

ரெண்டு நாள் கழிச்சு பஸ் கண்டக்டர், அவங்க குடுத்து விட்ட அக்கா பையக் கொண்டு வந்து குடுத்தாரு. கூடவே சேதியும் சொன்னாரு: ரெண்டாவது ஓட்டத்துல கார் மொதலாவதா வந்துச்சாம், மாத்தியா அக்காவ வரச் சொன்னாராம், வீட்டுக்கு இல்லையாம், கடையில மேசை வேலைக்காம். அப்பா வாசல்லயே நின்னு, "கடையும் வேணாம், மேசையும் வேணாம். எம் புள்ள இங்கேயே இருக்கும்னு சொல்லிருங்க"ன்னாரு. அவருக்கு அது மறுபடி பிடிச்சுப் போடுற தூண்டிலாத்தான் தெரிஞ்சுச்சு. அக்கா அடுப்புக்கு முன்னால உக்காந்திருந்தா. அவளுக்கும் கேட்டுச்சு, எனக்கும் கேட்டுச்சு. அவ வெறகத் தள்ளி விட்டா.

அடுத்த மாசமே தோட்டத்துல அக்கா பேர வேலைக்குப் பதிஞ்சாங்க. மலைக்குப் போனா, கொழுந்து எடுத்தா. கல்யாணமாகிக் கொட்டகலைப் பக்கம் போன பெறகும் கொழுந்துதான். அப்பா அந்தக் கதையச் சொல்லாத வீடு லயத்துல கெடையாது. தீவாளிக்குச் சொல்வாரு, திருவிழாவுக்குச் சொல்வாரு, மருமகன் வந்தாச் சொல்வாரு. "எம் மகள முட்டி போட வச்சாங்க. நான் விடல. தூக்கிட்டு வந்துட்டேன்ல." சொல்லும்போது முதுகு நிமிந்துரும். அக்கா பக்கத்துல இருந்தா, "ஆமாங்க, அப்பா வரலன்னா அன்னிக்கு என்ன ஆயிருக்குமோ"ன்னு எடுத்துக் குடுப்பா. நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன்.

போன வருஷம் அப்பா போயிட்டாரு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, வந்தவங்க எல்லாம் போன பெறகு நானும் அக்காவும் மட்டும் அடுப்படியில இருந்தோம். நான் கேட்டுட்டேன். இத்தனை வருஷமா கேக்காத கேள்வி. "ஏன்க்கா, வீட்டுக்கு வந்தப்புறமாவது நீ சொல்லியிருக்கலாம்ல? அங்கயே நான் வாயத் தொறந்திருந்தாலும் நீ கோவிச்சிருக்க மாட்ட. ஒன் வாழ்க்கையே மாறியிருக்குமே."

அக்கா கழுவின தட்டக் கவுத்து வச்சுட்டு வந்து உக்காந்தா.

"பஸ்ஸுல வீடு வந்து சேர்ற வரைக்கும் அப்பா என் கையப் பிடிச்சிக்கிட்டே வந்தாரு. அந்தக் கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சுடி. நம்ம ஊருக்குக் கிட்ட, அக்கரப்பத்தனை வந்த பெறகும் நிக்கல. அவ்வளவு பயத்த வச்சுக்கிட்டு எனக்காக வந்து நின்னிருக்காரு. அவருகிட்டப் போயி, நீங்க வந்தது தப்புன்னு எந்த வாயால சொல்றது?"

எனக்கு அது தெரியாது. நான் அப்பாவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து, வழி பூரா நிமிந்து இருந்த அவரு மொகத்தையே பாத்துக்கிட்டு வந்தேன்.